கேமரா கற்க 16,000 ரூபாய்: முன்பணமாகக் கட்டலாமா?

கேள்வி: மூன்று வயது மகனைப் படம் எடுக்க கேனான் 1500டி வாங்கினேன். ஆறு மாதமாக ஆட்டோவை விட்டு டயலைத் திருப்பவே இல்லை. வீட்டுக்குள் எடுத்தால் பிள்ளை கலங்கித்தான் விழுகிறான். ஒருவர் எட்டுத் தனி வகுப்புக்கு 16,000 ரூபாய் கேட்கிறார். முழுப் பணமும் முதலிலேயே கட்ட வேண்டுமாம், திருப்பித் தர மாட்டாராம். சேரலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: சேருங்கள், ஆனால் எட்டுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். முதல் வகுப்புக்கு மட்டும் 2,000 தருகிறேன், பிடித்தால் மேலே பார்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் வேறு ஆளைத் தேடலாம்.

அந்த முதல் வகுப்பில் உங்கள் கலங்கிய படங்களைத் திறந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்தால் ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/30 நொடி என்கிற மாதிரி இருக்கும், ஓடுகிற பிள்ளைக்கு அது பத்தாது. ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 என்று ஏற்றி 1/250 வைத்தால் பிள்ளை தெளிவாக விழுவான். ஆனால் சில டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் விளையாட விடுங்கள் என்று அவர் சொல்ல வேண்டும். கேமரா உங்கள் கையில் இருக்கும்போதே இதைப் புரியவைப்பவருக்குத்தான் தனி வகுப்புக் காசு தகும்.

நானும் ஒரு தடவை மொத்தமாகக் கட்டி மாட்டிக்கொண்டவன்தான். இரண்டு வகுப்பு கேமரா வரலாற்றிலேயே போனது. மூன்றாவதில் "உங்க லென்ஸ் சரியில்ல சார்" என்று தெரிந்த கடைக்கு அனுப்பி வைத்தார். உங்களிடமும் 50 எம்எம் லென்ஸ் வாங்கச் சொல்லலாம். நல்ல லென்ஸ்தான். ஆனால் 1500டி-யின் சென்சாரில் அது 80 எம்எம் போல நெருக்கமாகத்தான் காட்டும். கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்தால் பிள்ளை முழுசாக வர பத்தடியாவது பின்னால் போக வேண்டும், சின்ன ஹால் என்றால் சுவரில் இடித்துக்கொள்வீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

சான்றிதழ் தருகிறோம் என்றால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

எத்தனை வகுப்பு, எத்தனை மணி நேரம், அவர் வராவிட்டால் என்ன என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள், ரசீதும் கேளுங்கள். ரசீது தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டால் மட்டும் அவர் தப்பிவிட முடியாது. சொன்ன வகுப்பை எடுக்காவிட்டால் அது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை.

அப்புறம், உங்கள் தேவைக்கு எட்டு வகுப்பு அதிகம், நான்கு போதும். அதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை காலை டயலை 'டிவி'யில் வையுங்கள் (தொலைக்காட்சி இல்லை, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை). 1/250, ஆட்டோ ஐஎஸ்ஓ, ஜன்னல் ஓரம் மகன். ஐம்பது படம் எடுங்கள். வகுப்புக்குப் போகும்போது அந்த ஐம்பதையும் கார்டிலேயே வைத்திருங்கள்.