மூன்று வாய்தா, ஒரு கிரைண்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

திருவொற்றியூர் தேரடி பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவரைப் பிரிந்து வந்து ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. ஆறு வயதில் ஒரு மகள். பில்லிங் வேலை, மாதம் பதினாலாயிரம் சம்பளம். அவரும் விவாகரத்துக்குச் சரி என்கிறார். ஆனால் நகை, சாமான், மகளுக்கான பணம் எதிலும் பேச்சு முடியவில்லை. தம்புச் செட்டித் தெருவில் பார்த்த வக்கீல் ஒன்றரை லட்சம் ஆகும், ஐம்பதாயிரம் முதலில் கட்டுங்கள் என்றார். எட்டு சவரனை அடகு வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. வைக்கட்டுமா? குறைவாக வாங்கும் வக்கீல் யாராவது தெரியுமா?

எம்., திருவொற்றியூர்

அன்புள்ள எம்.,

அடகு வேண்டாம். வழக்கு எத்தனை மாதம் ஓடும் என்று தெரியாத நேரத்தில் வட்டியை ஓட விடாதீர்கள்.

வக்கீல் ஃபீஸ் ஒரு செலவு. அதைவிடப் பெரிய செலவு வாய்தா. என் வழக்கு நடந்த காலத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கணக்கு எழுதி வைத்தேன். உங்கள் கடிதம் வந்ததும் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளின் பக்கம் இப்படி இருக்கிறது: தண்டையார்பேட்டையிலிருந்து பாரிஸ் கார்னர் ஷேர் ஆட்டோ, இரண்டு பேர், 40. ஜெராக்ஸ் 36. டீ, பன் 44. நோட்டரி 100. திரும்பி வர 40. அடியில் சிவப்பு மையில், 'ஒரு நாள் சம்பளம் பிடித்தம்'. அன்றைக்கு நடந்தது என்ன என்றால், எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள், அடுத்த தேதி கொடுத்தார்கள். வராந்தாவில் நாலு மணி நேரம், உள்ளே மூன்று நிமிடம்.

இப்படிப் போனதில் மூன்று வாய்தா ஒரு கிரைண்டருக்காக. அம்மா சீராகக் கொடுத்தது. அதில் அந்த வீட்டார் மாவரைக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் கிரைண்டர் வந்தது, குழவிக்கல் வரவில்லை. அந்தச் செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாம். அம்மா இன்றுவரை இதை ஒத்துக்கொள்வதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருவருக்கும் சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் சேர்ந்து மனுப் போடலாம். ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். ஆனால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் குடும்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்போது? மனுப் போடும் முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரசம் பேசிப் பார்த்தும் பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சம், பிள்ளை, மற்ற பாக்கிகள் எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் உங்களுக்கு ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது அந்தப் பேச்சுதான். அதை கோர்ட்டுக்குப் போகும் முன் முடித்தால் வாய்தாக்கள் பாதிக்கு மேல் காணாமல் போகும்.

பேசப் போகும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இது இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது ஒரு பக்கம். போனால் போகட்டும் என்பது மறுபக்கம். உங்கள் நகை முதல் பத்தி; அது உங்கள் சீதனம், அவர் தரும் தானம் இல்லை. பில், கல்யாண போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மகளுக்கான பணமும் முதல் பத்திதான். 'எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்' என்கிற அலுப்பில் அவள் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பீரோ, கட்டில், பாத்திரம் எந்தப் பத்தி என்பது உங்கள் இஷ்டம். கிரைண்டர் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு மலிவான வழி சொல்வார்கள்: பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, 'அத்துவிட்டாச்சு' என்பது. அப்படி ஒரு நோட்டரி பத்திரத்தால் கல்யாணம் முறியாது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டு, பிறகு இரண்டு மடங்கு செலவழித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

வக்கீல் விஷயம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பதினாலாயிரம் சம்பளம் அதற்குத் தடை இல்லை. 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இலவச வக்கீல் சரியாக நடத்துவாரா என்று உங்கள் தம்பி கேட்பான். காசு வாங்கியும் நடத்தாதவரிடம் நானே மாட்டியிருக்கிறேன். இருபத்தைந்தாயிரம் வாங்கினார், ரசீது கிடையாது. வேறு வக்கீலுக்கு மாறுகிறேன் என்றதும் இன்னும் எட்டாயிரம் கொடுத்தால்தான் ஃபைல் என்றார். கொடுத்தேன். ஃபீஸ் பாக்கிக்காக ஃபைலைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000த்திலேயே தீர்ப்பு சொல்லியிருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆகவே காசு கொடுத்தே வைப்பது என்றால், அந்த ஒன்றரை லட்சம் எதற்கு என்று கேளுங்கள். சம்மத மனுவுக்கா, சண்டை வழக்குக்கா? இரண்டும் ஒரே விலை இல்லை. மனுப் போடும்போது இவ்வளவு, தீர்ப்பு வரும்போது இவ்வளவு என்று பிரித்து, ரசீதோடு கொடுங்கள். ஜீவனாம்சத்தில் இத்தனை பங்கு என்று கேட்பவரிடம் நிற்காதீர்கள். வக்கீல்களின் விதிகளே அதற்கு இடம் தரவில்லை.

பேச்சு முறிந்து வழக்கு என்று ஆகிவிட்டால், அதே இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் அவரிடம் கேட்கலாம். நீங்கள் சம்பளம் வாங்குகிறவர் என்பதாலேயே இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் சம்பளம் உங்களுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி. 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அவருடைய சம்பளச் சீட்டு நகல் ஏதாவது கையில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

தேரடியில் மெட்ரோ ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். சட்ட உதவி அலுவலகம் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. ஆதார், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, மகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் வீட்டுப் பக்கத்திலேயே எடுத்துக்கொண்டு போங்கள். பாரிஸில் எடுத்தால் அதற்கு வேறு க்யூ.