லேன் ஹட்சன், உயரம் – கடிதம்

வணக்கம்.

ஐஸ் ஹாக்கி பற்றித் தமிழில் எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். மாண்ட்ரியாலில் வசிக்கிறோம். மகனுக்குப் பதின்மூன்று வயது, டிஃபென்ஸில் (தடுப்பாட்டத்தில்) ஆடுகிறான். அணியில் அவன்தான் குள்ளம். இந்த வருடத்திலிருந்து உடலால் மோதலாம் என்பதால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. பயிற்சியாளர் முன்வரிசைக்கு மாற்றிவிடலாம் என்கிறார். அவனோ ‘நம் மாண்ட்ரியால் அணியில் குள்ளமான லேன் ஹட்சன் டிஃபென்ஸில் ஆடவில்லையா?’ என்று கேட்கிறான். எனக்கு ஹட்சன் தடுப்பாட்டக்காரராகவே தெரியவில்லை. அவர் பாட்டுக்கு முன்னால் போய் பாஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உயரம் கூடுவதற்கு ஒரு பொடி சொல்கிறார்கள், கொடுக்கலாமா? கனடாவின் மேஜர் ஜூனியர் லீகா, அமெரிக்கக் கல்லூரியா என்பதை எந்த வயதில் முடிவு செய்ய வேண்டும்?

ச., மாண்ட்ரியால்

அன்புள்ள ச.,

பொடி வேண்டாம். வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். கையை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வளர இன்னும் இடமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். தொழில்முறை லீகான என்ஹெச்எல்லின் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன்னால், 2022இல், ஹட்சனும் ‘இவர் இன்னும் வளர்வார்’ என்று மருத்துவர் எழுதிய கடிதத்தோடுதான் அணிகளைச் சந்தித்தார். அப்படியும் 61 பேரை எடுத்த பிறகே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது உங்கள் ஊர் அணி, கூப்பிட்ட இடம் உங்கள் ஊர் பெல் சென்டர் அரங்கம். அங்கிருந்துகொண்டு ‘தடுப்பாட்டக்காரராகவே தெரியவில்லை’ என்று எழுதுகிறீர்களே! உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

2024-25இல், முதல் முழு சீசனில், ஹட்சன் 82 ஆட்டங்களில் 66 புள்ளிகள் எடுத்தார். அதில் 60 அசிஸ்ட், அதாவது அடுத்தவர் கோல் போட வழிசெய்த பாஸ். அறிமுக சீசனில் ஒரு தடுப்பாட்டக்காரர் கொடுத்த அதிகபட்ச அசிஸ்ட் என்று லாரி மர்ஃபி 1980-81இல் வைத்த சாதனையை அது சமன் செய்தது. சிறந்த அறிமுக ஆட்டக்காரருக்கான கால்டர் கோப்பையும் வந்தது. 1972இல் கென் டிரைடனுக்குப் பிறகு மாண்ட்ரியால் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்ததே இல்லை. இதெல்லாம் உங்கள் மகனுக்கு மனப்பாடமாக இருக்கும். அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது வேறு. அந்த 60 அசிஸ்டுகளைப் பார்த்துவிட்டு, அவற்றில் பல எங்கே தொடங்கின என்பதைப் பார்க்காமல் விடுகிறீர்கள். தொடக்கம் பெரும்பாலும் ஹட்சனின் சொந்தக் கோலுக்குப் பின்னால், எதிரி முதுகில் ஏறிக்கொண்டிருக்கும்போது.

தடுப்பாட்டம் என்றால் ஆளை இடிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2005 வரை அதில் பாதி உண்மை இருந்தது. அந்த வருடம் என்ஹெச்எல் ஸ்டிக்கைக் கொக்கிபோல மாட்டி இழுப்பதையும் கையால் பிடிப்பதையும் கறாராகத் தண்டிக்க ஆரம்பித்தது. இரண்டு கோடுகளைத் தாண்டிப் போகும் நீண்ட பாஸையும் அனுமதித்தது. அதன்பின் பிடித்து நிறுத்தும் பெரிய உடம்பைவிட, வட்டை (பக்) எடுத்துச் சுத்தமாக வெளியே அனுப்பும் கைக்கு மதிப்பு கூடிவிட்டது. வட்டு நம்மிடம் இருக்கிற வரைக்கும் எதிரி கோல் போட முடியாதல்லவா?

ஆகவே உங்கள் பையனின் உயரத்தை விடுங்கள். அவன் வட்டை எப்படி எடுக்கிறான்? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வார்த்தை இல்லை.

எதிரணி நடுவிலிருந்து வட்டை உங்கள் மூலைக்குத் தள்ளிவிட்டு விரட்டி வருகிறது என்று வையுங்கள். என்ஹெச்எல் அளவுத் தளத்தில், உங்கள் தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து பின்பக்க போர்டு (தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்) 75 அடி. போய்ச் சேர மூன்று நான்கு வினாடி. அதற்குள் அவன் தலை மூன்று முறை தோளுக்கு மேலாகத் திரும்ப வேண்டும். உடம்பைத் திருப்பி ஓடத் தொடங்கும்போது முதல் பார்வை: எத்தனை பேர் வருகிறார்கள்? தளத்தில் வரைந்திருக்கும் வட்டத்தருகே இரண்டாவது: எந்தத் தோள் பக்கமாக வருகிறான்? வட்டைத் தொடுவதற்குச் சற்று முன் மூன்றாவது: பக்கம் மாற்றிவிட்டானா? பையன்கள் பெரும்பாலும் முதல் பார்வையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விரட்டி வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பதே ‘அவன் பார்த்து முடித்ததும் பாதையை மாற்று’ என்பதுதான். வலப்பக்கம் பார்த்துவிட்டு நம்பிப் போகிறவனுக்கு இடப்பக்கத்திலிருந்து அடி விழும். இன்னொரு தவறு, திரும்பிப் பார்க்கும்போது கால் நின்றுவிடுவது. ஒவ்வொரு பார்வைக்கும் அரை வினாடி போனால் மூன்றாவது பார்வைக்கு நேரமே இருக்காது. நெடுஞ்சாலையில் வேகம் குறைக்காமல் கண்ணாடி பார்க்கும் லாரி ஓட்டுநரைப்போல, காலும் தலையும் தனித்தனியாக வேலை செய்யப் பழக வேண்டும்.

அடுத்தது, உங்கள் பயத்துக்குக் காரணமான இடம். போர்டிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, முகத்தைப் போர்டுக்குக் காட்டி, குனிந்து நிற்பதுதான் ஆபத்து. பின்னாலிருந்து ஒரு தள்ளு விழுந்தால் தலை போய் மோதும். பெரிய காயங்கள் வருவது இப்படித்தான், ஆறடிக்காரனுக்கும் இதே கதிதான். நேராகப் போகாமல் சாய்கோணத்தில் போகச் சொல்லுங்கள். மோதல் தவிர்க்க முடியாது என்றால் நடுவில் நிற்காமல் போர்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பு, தோள், முன்கை மூன்றும் போர்டில் படிந்திருக்க, முழங்கால் மடங்கி, தலை நிமிர்ந்து இருந்தால் அடி உடம்பு முழுக்கப் பரவிப் போய்விடும். குள்ளமானவனுக்கு எடை கீழே இருப்பதால் இது சுலபமாகவே வரும்.

போர்டை ஒட்டிச் சுற்றி வரும் வட்டு ஸ்டிக்கின் மேல் துள்ளிப் போகும். ஸ்டிக்கால் மட்டும் நிறுத்தப் பார்க்கிறவன் அதைத் தவறவிடுவான். ஸ்கேட்டைப் போர்டோடு பக்கவாட்டில் சேர்த்துவைத்து வட்டை அதில் மோதவிட்டு, அங்கிருந்து ஸ்டிக்குக்குத் தட்ட வேண்டும்.

ஹட்சன் தனித்துத் தெரிவது இதற்கு அடுத்த கணத்தில். தோளையும் ஸ்டிக்கையும் ஒரு பக்கம் காட்டுவார். விரட்டி வருபவன் எடையை அந்தப் பக்கம் போட்டதும், இரண்டு குதிகால்களும் எதிரெதிரே நோக்க இடுப்பைத் திறந்து, பக்கவாட்டிலேயே மறுபக்கம் வழுக்கிப் போய்விடுவார். முகம் அப்போதும் தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இடமோ வலமோ கடைசிவரை தெரியாது. ஆள் எந்தப் பக்கம் வருகிறான் என்று முன்பே தெரிந்தவனுக்குத்தான் இந்த வித்தை பலிக்கும். அதனால்தான் தலை திரும்புவதைப் பற்றி இத்தனை நேரம் பேசினேன். உங்கள் பையன் வித்தையை முதலில் பழகி, பார்வையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பான். அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜோடி ஆட்டக்காரன் வாய் திறக்கிறானா என்றும் பாருங்கள். வட்டை எடுப்பவனுக்கு முதுகுப் பக்கம் தெரியாது, கத்திச் சொல்வது ஜோடியின் வேலை. ‘வீல்’ என்றால் வலையைச் சுற்றி வேகமாக ஏறு, ‘ரிவர்ஸ்’ என்றால் வந்த வழியிலேயே போர்டில் தட்டி எனக்கு விடு, ‘ஓவர்’ என்றால் மறுபக்கம் எனக்குக் கொடு, ‘அப்’ என்றால் உன் பக்க விங்கருக்கு (ஓரத்தில் ஆடும் முன்வரிசைக்காரனுக்கு) உடனே தள்ளு. இதைச் சொல்லாமல் ஒருவன் சும்மா நின்றுவிட்டு, மற்றவன் இடி வாங்கியதும் ‘சின்னப் பையன், தாங்கவில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

நீலக்கோட்டில் எதிரி வரும்போது இடைவெளி சுமார் ஒன்றரை ஸ்டிக் நீளம். ஒரு கை ஸ்டிக்கில், அதன் நுனி பனியில், கண் எதிரியின் மார்பில். போர்டுப் பக்கமாக ஒதுக்கி அங்கேயே முடித்துவிட வேண்டும். இடைவெளி பெரிதானால் சண்டை வலைக்கு முன்னால் வந்துவிடும். அங்கே நூறு கிலோ ஆளை நகர்த்த முடியாமல் ஹட்சனும் தோற்பதுண்டு, மறைத்துப் பயனில்லை. அங்கே மிஞ்சுவது, சரியான கணத்தில் எதிரியின் ஸ்டிக்கைக் கீழிருந்து தூக்கிவிடுவதுதான்.

முன்வரிசைக்கு மாற்றுவது பற்றி: பயிற்சியாளரிடம், எந்தச் செயலைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் உயரம் மட்டும்தான் என்றால் இந்த சீசன் முடியும்வரை டிஃபென்ஸிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

மேஜர் ஜூனியர், கல்லூரி விஷயம் இப்போது பழைய மாதிரி இல்லை. மேஜர் ஜூனியரில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரிக் கதவு மூடிவிடும் என்றிருந்த காலத்தில், தடுப்பாட்டக்காரர் கேல் மக்கார் அதற்காகவே ஆல்பர்ட்டாவின் ப்ரூக்ஸ் பாண்டிட்ஸில் ஆடிவிட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்குப் போனார். 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை இல்லை. ஹட்சன் பாஸ்டன் பல்கலையில் இரண்டு சீசன் ஆடி, 2024 ஏப்ரலில் மாண்ட்ரியாலோடு கையெழுத்திட்டு, அந்த மாதமே ஆடிய இரண்டு ஆட்டத்தில் மூன்று வருட அறிமுக ஒப்பந்தத்தின் முதல் வருடத்தைக் கழித்துக்கொண்டார். 2025 அக்டோபரில் எட்டு வருடத்துக்கு, வருடம் 88.5 லட்சம் டாலர் என்று அடுத்தது. பதின்மூன்று வயதுப் பையனின் அப்பாவுக்கு இந்தக் கணக்கு எதற்கு? மூன்று வருடம் கழித்துக் கேளுங்கள்.

அதுவரை ஒரு வேலை தருகிறேன். ஆட்டத்தைப் படம் எடுப்பீர்கள்தானே? கேமராவை வட்டின் பின்னால் ஓட்டாமல் உங்கள் மகன் மேலேயே வையுங்கள். வட்டைத் தொடுவதற்குள் எத்தனை முறை தலை திரும்பியது என்று ஒவ்வொரு முறையும் எண்ணி, அவனோடு உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆட்டத்துக்கான குறிப்பு சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள்.