கேளுங்க அண்ணாச்சியை: விண்டோஸ் போடுவதற்குள் விழி பிதுங்குது!

இந்த முறை வந்த கேள்விகளில் ஒரே பல்லவிதான் அதிகம். கம்ப்யூட்டர் ஓடுவதைப் பற்றி யாருக்கும் பெரிய குறை இல்லை, அதில் விண்டோஸோ லினக்ஸோ ஏற்றுகிற அந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் ஆளாளுக்கு ஆத்திரம். அதனால் பிரின்டர், மோடம் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

பீடி சுத்திச் சேர்த்த காசுல மகளுக்கு காலேஜுக்கு லேப்டாப் வாங்கினோம் அண்ணாச்சி. ஆன் பண்ணினா எந்த நாடுன்னு கேட்டுச்சு, கீபோர்டு கேட்டுச்சு, அப்புறம் இன்டர்நெட் குடுன்னு நின்னுட்டு. வீட்ல வைஃபை கிடையாது. நெக்ஸ்ட் பட்டன் மங்கலா இருக்கு, அமுக்கினா அசையல. கடையில கொண்டு போய்க் குடுத்தோம், கொஞ்ச நேரத்துல சரி பண்ணிக் குடுத்துட்டாங்க. ஆனா இப்ப திறந்தா வேற யாரோ பேரு வருது. அப்படியே விட்டுரலாமா?
— ஒரு தாய், முக்கூடல்

விட்டுராதீங்க அக்கா. நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன விஷயம்தான் இதில் பெரிசு.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11 ஹோம், 2021 அக்டோபரில் வந்த நாளிலிருந்தே, இன்டர்நெட்டும் மைக்ரோசாப்ட் கணக்கும் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. அடுத்த வருஷம் ப்ரோ பதிப்புக்கும் அதையே வைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்காரனை வாசலில் நிறுத்தி ஆதார் கார்டு எங்கே என்று கேட்கிற மாதிரி. இதைத் தாண்ட ஒரு குறுக்கு வழி இருந்தது, ஷிஃப்டும் எஃப்10-ம் சேர்த்து அமுக்கினால் ஒரு கறுப்புப் பெட்டி வரும், அதில் பைபாஸ்என்ஆர்ஓ என்று ஒரு கட்டளையை அடித்தால் 'எனக்கு இன்டர்நெட் இல்லை' என்ற வழி திறக்கும். மெக்கானிக்குகள் எல்லாருக்கும் அது மனப்பாடம். 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பிலிருந்து அதைத் தூக்கிவிட்டார்கள். பாதுகாப்புக்காகவாம். எனக்கு என்னமோ கணக்கு எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக என்றுதான் படுகிறது.

உங்கள் கடைக்காரர் வேலை முடிந்தால் போதும் என்று அவருடைய மின்னஞ்சலையே போட்டு உள்ளே போயிருக்கிறார். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், அவர் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்து ஒரு ஃபோல்டர் பெயராக உட்கார்ந்திருக்கும். பெயர் மட்டும் என்றால் போய்த் தொலைகிறது. 2024-இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து, புதிதாக ஏற்றும்போதே டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடுகிறது, ஹோம் பதிப்பிலும்தான். அந்தப் பூட்டுக்கு 48 இலக்கச் சாவி ஒன்று உண்டு, அது யார் கணக்கில் நுழைந்தார்களோ அவர்கள் கணக்கில் போய்ச் சேரும். நாளைக்கு மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பிவிடுகிற அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோகூட, ஒரு நீலத் திரை வந்து அந்த 48 எண்ணைக் கேட்கும். சாவி கடைக்காரரிடம். அவர் பாஸ்வேர்டை மறந்திருந்தால், அல்லது கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போயிருந்தால், மகளின் மூன்று வருஷப் படிப்பும் அந்த டிஸ்கோடு போச்சு. இது போக மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் வேறு. டெஸ்க்டாப், படங்கள், டாக்குமென்ட்ஸ் எல்லாவற்றையும் கேட்காமலே மேலே ஏற்றத் தொடங்கியிருக்கலாம், அதுவும் அவர் கணக்குக்குத்தான். பொம்பளைப் பிள்ளை போட்டோ எல்லாம் இருக்கும் அக்கா, யோசித்துப் பாருங்கள்.

லேப்டாப்பில் இன்னும் ஒன்றும் சேர்த்து வைத்திருக்க மாட்டீர்கள் என்பதால் இப்போதே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, ரீசெட் திஸ் பிசி, அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்'. மறுபடி இன்டர்நெட் கேட்கும்போது போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் இருக்கிற யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். நெக்ஸ்ட் பட்டன் தானாக நீலமாகும். வைஃபையே காட்டாத புது லேப்டாப்புகளிலும் பெரும்பாலும் இது வேலை செய்யும். கணக்குக்கு மகளின் ஜிமெயிலே போதும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள், யார் என்ன சொன்னாலும் சரி. எல்லாம் முடிந்ததும் அவள் கணக்கில் அந்த 48 எண்ணைப் பார்த்து அதையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கிற லேப்டாப், பூட்டு வேண்டாம் என்றால் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்துவிடலாம். உள்ளே போன பிறகு செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் லோக்கல் கணக்காக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, அதை மட்டும் இன்னும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

பென்டிரைவில் விண்டோஸ் 11 போட்டு இன்ஸ்டால் செய்தால் டிஸ்க் லிஸ்ட் காலியாக வருகிறது. புது எஸ்எஸ்டி, பயாஸில் தெரிகிறது. டிஸ்க் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
— கல்லூரி மாணவர், பேட்டை

மாற்றாதே தம்பி. லேப்டாப்பில் இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தின பிராசசர் இருக்கிறதா என்று பார். அவற்றில் விஎம்டி என்று ஒரு ஏற்பாடு உண்டு, அது ஆனில் இருந்தால் எஸ்எஸ்டியை அதன் வழியாகத்தான் அணுக முடியும், அதற்கான டிரைவர் (அந்தப் பாகத்தோடு பேச வைக்கிற சின்ன மென்பொருள்) விண்டோஸ் பென்டிரைவில் இல்லாவிட்டால் செட்டப்புக்கு டிஸ்க் கண்ணிலேயே படாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உன் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கு. இஎக்ஸ்இ கோப்பை அப்படியே போட்டால் உதவாது, பிரித்து உள்ளே இருக்கிற ஐஎன்எஃப் கோப்புகளை அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் வை. காலியான அந்தத் திரையிலேயே 'லோட் டிரைவர்' என்று இருக்கும், அதை அமுக்கி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கிற லேப்டாப்பில் அதைச் சும்மா அணைத்தால் பழைய விண்டோஸ் நீலத் திரை காட்டிப் படுத்துவிடும். உள்ளே வேண்டிய ஃபைல் இருந்தால் அந்தப் பக்கமே போகாதே.

எக்ஸ்பி காலம்தான் அண்ணாச்சி பொற்காலம். ஒரு சிடி, ஒரு கீ, வேலை முடிஞ்சுது. ஒத்துக்கிறீங்களா?
— முன்னாள் பிரவுசிங் சென்டர்காரர், சேரன்மகாதேவி

பாதி ஒத்துக்கிறேன். நீர் யார் என்று அது கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் மரியாதை. ஆனால் '39 நிமிஷம் மீதி' என்று போட்டுவிட்டு அந்த 39-லேயே நிற்குமே, மறந்துவிட்டதா? சாட்டா டிஸ்க் வந்த புதிதில் எஃப்6 அமுக்கி பிளாப்பியில் டிரைவர் கொடுக்காவிட்டால் அதுவும் டிஸ்கே இல்லை என்றுதான் சாதித்தது. மேலே பேட்டைத் தம்பி படுகிற பாடும் அதேதான், பிளாப்பிக்குப் பதில் பென்டிரைவ். 25 எழுத்துக் கீயை மங்கின ஸ்டிக்கரில் பார்த்து அடித்த கண்வலி தனி. அந்தக் கீயும் நம் ஊரில் முக்கால்வாசிப் பேரிடம் ஒரே கீதான், அந்தக் கதை வேண்டாம்.

என்னிடம் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10 காலாவதி என்கிறார்கள். 11 போடப் பார்த்தால் இந்தக் கணினி தகுதியற்றது என்று வருகிறது. டிபிஎம் சிப் வாங்கிப் போட்டால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். தெரு அம்மன் கோயில் கொடை வரவு செலவு, கடிதங்கள், யூடியூப் இவ்வளவுதான் என் வேலை.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், வீரவநல்லூர்

வணக்கம் சார். சிப் வாங்காதீர்கள், காசுக்குக் கேடு. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைக்கிற பாதுகாப்பு ஏற்பாடு) கேட்பது உண்மை, ஆனால் அதோடு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் கேட்கிறது (ஏழில் விதிவிலக்காகச் சிலவற்றை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்). எத்தனை சிப் போட்டாலும் உங்கள் ஆறு எட்டாகாது. இத்தனைக்கும் அந்தக் கால மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸுக்குள்ளேயே பிடிடி என்ற பெயரில் டிபிஎம் தூங்கிக்கொண்டிருக்கும். நல்லா ஓடுகிற மெஷினைப் பார்த்து 'தகுதியற்றது' என்று திரையில் போடுகிறான் பாருங்கள், நாற்பது வருஷம் மார்க் போட்ட உங்களுக்கு அதைப் படிக்க எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கூடுதலாக ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாக அறிவித்தார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிய வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்ய விட்டால் காசில்லை, இல்லாவிட்டால் 30 டாலர். இங்கேயும் கணக்குதான், பார்த்தீர்களா?

ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் பென்டிரைவ் தயாரித்தால் டிபிஎம், ரேம், கணக்கு ஆகிய கட்டாயங்களை எல்லாம் டிக் போட்டு நீக்கிவிடலாம், 11 ஏறிவிடும். ஆனால் ஆதரவில்லாத மெஷினுக்கு வருஷாந்திரப் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். 4 ஜிபியில் அது ஓடுவதைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். உங்கள் வேலைக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட்தான் நான் சொல்வேன். கொடைக் கணக்கு எக்ஸெல் ஃபைல் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் திறக்கும். ரேமை 8 ஆக்கி ஒரு எஸ்எஸ்டி போட்டுக்கொண்டால் மெஷின் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஏற்றுவதற்கு முன்னால் ஃபைல்களை வெளி டிஸ்கில் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிடுங்கள்.

நீங்க லினக்ஸ் லினக்ஸ்னு சொல்றீங்க, அங்கயும் இதே கூத்துதான். உபுண்டு 24.04 போட்டேன், பழைய திரை ஒண்ணையும் காணோம். லிப்ரே ஆபீஸ் வரல. விண்டோஸ் பக்கத்துல போடுற ஆப்ஷனும் இல்ல. நல்லா ஓடுறதை ஏன் நோண்டுறாங்க?
— ஜெராக்ஸ், டிடிபி கடைக்காரர், வள்ளியூர்

நியாயமான கோபம். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர் யூபிக்விட்டி, 2006-இல் 6.06 பதிப்போடு வந்தது. 2023 ஏப்ரலில் 23.04-இல் அதை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்கள். சர்வருக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு ஒன்று என்று இரண்டு இன்ஸ்டாலரைக் கட்டி மேய்க்க முடியாமல், உள்வேலைக்கு ஒரே இயந்திரம், மேலே மட்டும் ஃப்ளட்டர் என்ற கருவியில் செய்த புது முகம் என்று ஆக்கினார்கள். எழுதுகிறவர்கள் பக்கம் பார்த்தால் காரணம் சரிதான். ஆனால் உம்மைப் போல் எல்டிஎஸ் என்கிற நீண்ட கால ஆதரவுப் பதிப்பை மட்டும் போடுகிறவர் அந்தத் திரையை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறார், பழகுவதற்கு எங்கே நேரம்?

லிப்ரே ஆபீஸ் தொலைந்த கதை சின்னது. நடுவில் ஒரு திரையில் 'டிஃபால்ட் செலக்‌ஷன்', 'எக்ஸ்டென்டட் செலக்‌ஷன்' என்று இரண்டு இருந்திருக்கும். முன்பெல்லாம் சும்மா நெக்ஸ்ட் அடித்தால் எல்லாம் வரும், இப்போது சும்மா அடித்தால் பிரவுசரும் சில்லறைக் கருவிகளும்தான். ஏறின பிறகும் ஆப் சென்டரில் போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்தில் போடுகிற வழி காணாமல் போனதற்குப் பெரும்பாலும் நான் முக்கூடல் அக்காவுக்குச் சொன்ன அந்தப் பூட்டுதான் காரணம். பூட்டிய பகுதியை உபுண்டுவால் சுருக்க முடியாது. விண்டோஸுக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷனை அணையுங்கள், பூட்டு முழுக்க அவிழும் வரை விடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்குங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்கிற சீக்கிரம் திறக்கிற வசதியையும் அணைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

பழைய முகம்தான் வேண்டும் என்றால் மின்ட் 22 வரிசையில் இன்னும் யூபிக்விட்டியே இருக்கிறது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் போடுகிறவர்கள் உம்மைவிட அதிகம் பட்டவர்கள். 2013-இல் ஃபெடோரா 18-இல் அனகோண்டா இன்ஸ்டாலரைத் தலைகீழாக்கி, எல்லோரும் கீழே வலது பக்கம் தேடுகிற 'டன்' பட்டனைத் திரையின் மேல் இடது மூலையில் வைத்தார்கள். ஜனங்கள் திட்டித் தீர்த்து, ஒரு வழியாய்ப் பழகியும் விட்டார்கள். 2025-இல் ஃபெடோரா 42 வொர்க்ஸ்டேஷனில் மறுபடி வேறு முகம். மாறுவதெல்லாம் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். டெபியன் என்ற லினக்ஸைப் போடும்போது முன்பெல்லாம் வைஃபைக்கு ஃபர்ம்வேர் (அந்தப் பாகத்துக்குள் ஓடுகிற மென்பொருள்) இல்லை, பென்டிரைவில் கொண்டு வா என்று வாயில் நுழையாத ஒரு கோப்புப் பெயரைக் காட்டி நிற்கும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அதையும் உள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு யாரும் கைதட்டின மாதிரி தெரியவில்லை.

இன்ஸ்டால் பண்ணும்போதே தமிழ் கிடைக்குமா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

லினக்ஸில் கிடைக்கும். டெபியனில் கிராஃபிக்கல் இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுங்கள், எழுத்துத் திரையில் தமிழ் வராது. விண்டோஸை ஆங்கிலத்தில் ஏற்றிவிட்டு உள்ளே போன பிறகுதான் தமிழைச் சேர்க்க முடியும், தமிழ்99 கீபோர்டும் அங்கே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம் தங்கச்சி, எதை ஏற்றினாலும் பாஸ்வேர்டு அடிக்கும்போது ஆங்கிலக் கீபோர்டில் இருக்கிறோமா என்று பாருங்கள். திரையில் வெறும் புள்ளிதான் தெரியும், என்ன அடித்தோம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ப்ரோ போடப் போனேன், எதுவுமே கேட்காமல் ஹோம் ஏறிவிட்டது. கடையில் 500 ரூபாய்க்கு ப்ரோ போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், மேலப்பாளையம்

விண்டோஸ் 8 காலத்திலிருந்தே லேப்டாப்போடு வருகிற விண்டோஸின் கீயை மதர்போர்டிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். செட்டப் அதைப் படித்து, இது ஹோம் வாங்கிய மெஷின் என்று தானே முடிவு கட்டி, தேர்வுப் பட்டியலையே காட்டாமல் போகும். பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டரில் இஐ.சிஎஃப்ஜி என்று ஒரு சின்னக் கோப்பு வைத்தால் பட்டியல் வரும், ஆனால் ப்ரோவுக்கு உங்களிடம் கீ வேண்டுமே. அந்த 500 ரூபாய் ப்ரோ அநேகமாக கிராக் போட்டதாகத்தான் இருக்கும். நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்த ஒரிஜினல் ஹோமை அழித்துவிட்டுத் திருட்டு ப்ரோவுக்குத் தனியாகப் பணம் கொடுப்பானேன்? வீட்டு உபயோகத்துக்கு ஹோமே தாராளம், அப்படியே விடுங்கள்.