தொட்டித் தண்ணீர் தெளிய மாட்டேன் என்கிறதா? ஞாயிறு கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடமாக மீன் வளர்க்கிறேன். வீடு வில்லிவாக்கத்தில். கொளத்தூர் மீன் கடைகள் நடக்கிற தூரத்தில் இருப்பதால் பர்ஸ் இளைத்ததுதான் மிச்சம். இந்த வாரம் தண்ணீர்த் தெளிவு பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். கேட்டவர்களை ஏரியா பெயரில் போட்டிருக்கிறேன். நன்னீர் மீன் மட்டும்தான்; கடல் மீன் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டேன்.

வேளச்சேரி: சார், இரண்டடித் தொட்டி வாங்கி ஐந்து நாள் ஆகிறது. பன்னிரண்டு கோல்டு ஃபிஷ். மூன்றாம் நாளே தண்ணீர் பால் கலந்தது போல ஆகிவிட்டது. மொத்தத் தண்ணீரையும் இரண்டு முறை மாற்றிவிட்டேன், மறுபடி அதே பால். கடைக்காரர் மருந்து ஊற்றச் சொல்கிறார்.

மருந்து வேண்டாம். முதலில் மாற்றுவதை நிறுத்துங்கள்.

அந்தப் பால் நிறம் பாக்டீரியா. மிஞ்சிய தீனியும் மீன் கழிவும் தண்ணீரில் கரைகின்றன, அதைத் தின்று கோடிக்கணக்கில் பெருகி மிதக்கின்றன. புதுத் தொட்டியில் இது வரும், தானாகவே போகும். நீங்கள் மொத்தமாக மாற்றும்போது கதை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத விஷயத்துக்கு. மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இந்த இரண்டு வகையும் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. குடியேறி நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மீன் சாகும். சென்னையில் இன்னொரு வம்பு உண்டு. சூடும் காரமும் ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும். பிஎச் (காரத் தன்மையைக் காட்டும் எண்) 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அதே அளவு அம்மோனியா, பிஎச் 7-இல் இருப்பதைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு கடிக்கும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் காரப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. இரண்டு நாள் தீனி போடாதீர்கள், பட்டினியில் சாகாது. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், குளோரின் எடுத்த தண்ணீராக. ஏர் பம்ப் இரவு பகல் ஓடட்டும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய அழுக்குப் பஞ்சை வாங்கி வந்து உங்கள் தொட்டியில் பிழியுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் கடையில் விற்கிற எந்த பாட்டிலும் அதற்கு ஈடில்லை.

அப்புறம், இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் விளிம்பு வரை நிரப்பினாலும் 57 லிட்டர்தான். பன்னிரண்டு கோல்டு ஃபிஷ் அதில் குடும்பம் நடத்த முடியாது. இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். அந்த இரண்டுக்குமே கொஞ்ச நாளில் இடம் போதாமல் போகும்.

அம்பத்தூர்: ஃபில்டர் பஞ்சை வாரா வாரம் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவுகிறேன். ஆனாலும் தண்ணீர் மங்கலாகவே இருக்கிறது.

ஆனாலும் இல்லை, அதனால்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அது கிருமியைக் கொல்லவே போடுவது; உங்கள் பஞ்சில் இருப்பது நல்ல கிருமி என்று அதற்குத் தெரியாது. தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் எடுங்கள், அதிலேயே பஞ்சை நாலு தடவை பிழியுங்கள், போதும். பழுப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள்.

திருவான்மியூர்: மூன்றடித் தொட்டி மேற்கு ஜன்னல் ஓரம் இருக்கிறது. தண்ணீர் கீரை மசித்த மாதிரிப் பச்சை. எத்தனை மாற்றினாலும் நாலு நாளில் திரும்பிவிடுகிறது.

மேற்கு ஜன்னல் என்று நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். தண்ணீரில் மிதக்கிற ஒற்றைச் செல் பாசி இது. வெயிலும் நைட்ரேட்டும் கிடைத்தால் அதற்குக் கல்யாண வீடு. மீனுக்குக் கெடுதல் இல்லை. நமக்குத்தான் மீன் தெரியாது.

விளக்கை அணைத்துத் தொட்டியை நாலு நாள் தடித்த போர்வையால் மூடுங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது. ஏர் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும். தீனி வேண்டாம். ஐந்தாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், செத்த பாசி அழுகினால் அதுவே அம்மோனியா ஆகிவிடும். பிறகு தொட்டியை இடம் மாற்றுங்கள் அல்லது ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், டைமர் வைத்து. ஒரு மணி பிளாண்ட் கொடியை இலை வெளியே, வேர் தண்ணீருக்குள் இருக்கும்படி மாட்டிவிடுங்கள். அது நைட்ரேட்டை உறிஞ்சும். செலவு செய்யலாம் என்றால் யுவி விளக்கு வைத்த ஃபில்டர் ஒரு வாரத்துக்குள் வேலையை முடித்துவிடும், ஆனால் ஜன்னல் அங்கேயே இருந்தால் அதை என்றைக்கும் கழற்ற முடியாது.

மடிப்பாக்கம்: போர் தண்ணீர் பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. தொட்டியில் ஊற்றி இரண்டு மணி நேரத்தில் டீ நிறம். வீட்டில் மந்திரம் வைத்துவிட்டார்கள் என்கிறார்கள்.

இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருப்பது, காற்றுப் பட்டதும் துரு ஆகிறது. டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விடுங்கள். அடியில் படிந்ததைத் தொடாமல் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். மந்திரவாதிக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் டிரம் வாங்கிவிடலாம்.

கே.கே. நகர்: புதுத் தொட்டி, பால் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய?

வேளச்சேரி பதிலைப் பாருங்கள்.

மயிலாப்பூர்: எனக்கு எழுபத்தொன்று வயது. எங்கள் ஊரில் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி விடுவோம், காலையில் ஆற்று வெள்ளமும் கண்ணாடியாகிவிடும். கலித்தொகையிலேயே இருக்கிறது. இதை விட்டுவிட்டு எதற்கு ஃபில்டர், கரண்ட் செலவு?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேத்தாங்கொட்டை வேலை செய்யும். அதில் சந்தேகமே இல்லை. மிதக்கிற களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும். கொட்டையிலிருந்து கரைகிற பொருள் அவற்றை ஒட்டவைத்துக் கட்டியாக்கி அடியில் உட்கார வைக்கிறது. ஆனால் பானைத் தண்ணீரில் யாரும் ஒன்றுக்குப் போவதில்லை. தொட்டியில் பத்து மீன் இரவு பகலாகப் போகிறது. கொட்டையால் மண்ணை உட்கார வைக்க முடியும், அம்மோனியாவைத் தொட முடியாது. பானைத் தண்ணீரை மறுநாள் குடித்துத் தீர்த்துவிடுவோம், தொட்டித் தண்ணீரில் மீன் வருடக்கணக்கில் வாழ வேண்டும்.

நான் பார்த்தும் இருக்கிறேன். இரண்டு பக்கெட், ஒன்றில் செம்மண் கலந்த தண்ணீர், ஒன்றில் பால் நிறத் தொட்டித் தண்ணீர். இரண்டிலும் கொட்டையை உரைத்து ஊற்றினேன். செம்மண் பக்கெட் காலையில் தெளிந்துவிட்டது. மற்றது முதல் நாள் கொஞ்சம் தெளிந்து, மூன்றாம் நாள் முன்பைவிட மோசம், வாடை வேறு. கொட்டையில் இருப்பதும் பாக்டீரியாவுக்குத் தீனிதானே.

தாம்பரம்: பெரியவர் சொல்வதில் என்ன தப்பு? நான் படிகாரம் போடுகிறேன். மெட்ரோ வாட்டர்காரனே படிகாரம்தானே போடுகிறான்?

அவர்கள் போட்டு, படிய வைத்து, வடிகட்டி அப்புறம் அனுப்புகிறார்கள். மீன் அதற்குள் நீந்திக்கொண்டிருப்பதில்லை. படிகாரம் தண்ணீரின் காரத் தன்மையைத் தின்று பிஎச்சை இறக்கும். உங்கள் போர் தண்ணீர் கடினமாக இருப்பதால் தாங்கியிருக்கிறது. அதையே கேன் தண்ணீரில் போட்டால் ஒரே இரவில் தெரியும்.

குரோம்பேட்டை: முருங்கை விதைப் பொடி?

அதுவும் கொட்டை மாதிரியேதான். குடிநீர் தெளிய வைக்க நல்ல சரக்கு. தொட்டிக்கு வேண்டாம். சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர் (மறுபடியும்): ஃபில்டர் வருவதற்கு முன்னால் குளத்துத் தண்ணீர் தெளியவில்லையா? எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு விற்கிற வித்தை.

தெளிந்தது ஐயா. குளத்தில் ஆயிரக்கணக்கான லிட்டருக்கு நாலு மீன், அடியில் சேறு, ஓரத்தில் கோரை, எல்லாவற்றிலும் பாக்டீரியா. குளமே பெரிய ஃபில்டர்தான். உங்கள் ஊர்க் குளம் வேண்டாம், கீழ்ப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1914-இல் அங்கே மெட்ராஸுக்குத் தண்ணீர் வடிகட்ட மெதுவாக இறங்கும் மணல் படுகைகள் அமைத்தார்கள். செங்குன்றம் ஏரித் தண்ணீர் மணலில் மெல்ல இறங்கும். மேல் மணலில் வழவழவென்று ஓர் உயிர்ப்படலம் வளரும், வேலையில் பெரும்பங்கு அந்தப் படலத்துடையது. தொட்டியில் இருக்கிற முந்நூறு ரூபாய் பஞ்சு அதே வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் சொல்கிற பழைய வழியும் நான் சொல்கிற வழியும் ஒன்றுதான். கொட்டை மட்டும் வேறு கட்சி.

தாம்பரம் (மறுபடியும்): ரெண்டு வருஷமா படிகாரம் போடுறேன், ஒரு மீனும் சாகல.

சந்தோஷம். என்ன மீன், எத்தனை?

தாம்பரம்: ஒரு சக்கர்.

சக்கர் மீனை வைத்துத் தண்ணீரைச் சோதிப்பது எருமையை வைத்து மழையைச் சோதிப்பது மாதிரி.

பெரம்பூர்: சக்கர் மீன் விட்டால் அழுக்கைத் தின்று தண்ணீர் தெளியுமாமே?

இப்போதுதான் அதைப் பற்றிப் பேசினோம். பாசியைச் சுரண்டும், மற்ற மீனின் கழிவைத் தின்னாது. தின்பதும் நிறைய, போடுவதும் நிறைய. ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் இடமில்லை என்று ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். அப்படி விட்டதுதான் இன்று சென்னை நீர்நிலைகளில் பெருகி நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது.

அண்ணா நகர்: முழுக்க கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தெளிவாக இருக்கிறது, ஆனால் மீன் வாடுகிறது.

கேன் தண்ணீரில் தாது மிகக் குறைவு, பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, சில வாரத்தில் மெதுவாக மாறுங்கள்.

முகப்பேர்: ஃபில்டர் பஞ்சை டெட்டால் போட்டுக் கழுவலாமா?

...

ஆவடி: அண்ணா, கரண்ட் போனால் தண்ணீர் கலங்கிவிடுகிறது. கேனிஸ்டர் ஃபில்டர், தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய டப்பா வகை.

நல்ல கேள்வி. இதில் எனக்கே சூடு இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் வைத்து மீன்களைக் காப்பாற்றிவிட்டேன், பெருமையாகவும் இருந்தது. கரண்ட் வந்ததும் முதல் வேலையாக கேனிஸ்டரை ஆன் செய்தேன். மூடிய டப்பாவுக்குள் காற்றில்லாமல் நாலு நாள் அழுகிய கறுப்புத் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் போனது. முட்டை வைக்கிற பருவத்தில் இருந்த ஆறு ஏஞ்சல் மீன், இரவுக்குள் எல்லாம் முடிந்தது. புயலில் சாகாததை நான் கொன்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் கேனிஸ்டரைத் திறந்து, பஞ்சை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டு, பேட்டரி ஏர் பம்ப் குமிழியை அதன் அடியில் விடுங்கள். பல மணி நேரம் மூடியே கிடந்துவிட்டால், உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஆன் செய்யுங்கள். கோடையில் இன்னும் கவனம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கிற தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். கத்திரி வெயிலில் நம் தொட்டி அதற்கும் மேலே போகிறது.

கோடம்பாக்கம்: தண்ணீர் பால் மாதிரி...

வேளச்சேரி.

வடபழனி: மரக்கட்டை போட்டபின் தண்ணீர் மஞ்சள் பழுப்பு. கலங்கல் இல்லை, நிறம் மட்டும்.

கட்டையின் சாயம். ஃபைட்டர், டெட்ரா மீன்களுக்குப் பிடிக்கும். வேண்டுமென்றே வாதாம் சருகு போட்டு இந்த நிறம் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் கரித்துண்டுப் பை போடுங்கள், மூன்று நாலு வாரத்தில் மாற்ற வேண்டும். அடுப்புக்கரி அல்ல.

மயிலாப்பூர் (மூன்றாம் முறை): சரி, கொட்டையைப் பானையோடு வைத்துக்கொள்கிறேன். பேத்தி தொட்டிக்குப் பஞ்சு ஃபில்டர் வாங்கப் போகிறேன். மாதம் ஒருமுறை குழாயில் கழுவினால் போதுமா?

ஐயா!

நங்கநல்லூர்: பொங்கலுக்கு ஆறு நாள் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டில் தீனி போடச் சொல்லியிருக்கிறோம். தண்ணீர் கெடாமல் இருக்க என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

தீனி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஆறு நாள் சும்மா இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மீன் மேலே வந்து வாயைத் திறந்தாலே பசி என்று தோன்றும். மூன்று வேளையும் கைநிறையப் போடும். நீங்கள் திரும்பி வரும்போது தொட்டி மோர்ப் பானையாக இருக்கும். மனசு கேட்கவில்லை என்றால் இரண்டே இரண்டு சிட்டிகையைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக் கிழமை எழுதிக் கொடுங்கள். தீனி டப்பாவை பீரோவில் பூட்டிவிடுங்கள்.