பூமியோட சராசரி சூடு ஒன்றரை டிகிரி கூட முழுசா ஏறலையே, அதுக்குள்ள வானிலையும் விலங்குகளும் ஏன் இவ்ளோ பாதிக்கப்படுது?

இதே கேள்வி எனக்கும் ரொம்ப நாள் இருந்துச்சு, அதனால விரிவாவே எழுதுறேன். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவுலயே பத்து டிகிரி ஏறி இறங்குதே, இதுல ஒன்றரை டிகிரி என்ன செஞ்சிடும்னு தோணுறது நியாயம்தான்.

சிக்கல் அந்த சராசரிங்கிற வார்த்தைல இருக்கு. அது மொத்த பூமி, வருஷம் முழுக்க, கடலையும் சேர்த்துப் போட்ட கணக்கு. பூமியில கூடுதலா தங்குற சூட்டுல 90 சதவீதத்துக்கு மேல கடல்தான் வாங்கி வச்சுக்குது, கடல் மெதுவாத்தான் சூடாகும், அதனால சராசரி சின்னதா தெரியுது. நிலத்துல இத விட அதிகமா ஏறியிருக்கு, ஆர்க்டிக் பக்கம் 1979ல இருந்து பார்த்தா உலக சராசரிய விட கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகத்துல ஏறியிருக்கு. 2024ல ஒரு வருஷ சராசரியே முதல் தடவையா, தொழிற்சாலைகள் வர்றதுக்கு முந்தின காலத்த விட 1.5 டிகிரிக்கு மேல போயிடுச்சு (நீண்டகால சராசரிதான் இன்னும் அதுக்குக் கீழ இருக்கு, உங்க கேள்வி அந்த வகைல சரி).

மழை விஷயம் சொல்றேன். காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவிய தாங்கும். கேட்க சின்னதா இருக்கும், ஆனா இதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. சூடான காத்து மண்ணுல இருந்தும் இலைல இருந்தும் ஈரத்த அதிகமா உறிஞ்சும், அதனால மழை இல்லாத நாட்கள்ல நிலம் முன்ன விட சீக்கிரம் காயும், அப்புறம் மழையாகுறதுக்கு சூழ்நிலை அமைஞ்சா சேர்த்து வச்சிருக்கிற அத்தனையும் ஒரே மூச்சுல கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒண்ணுக்கொண்ணு எதிர்னு நினைச்சுட்டு இருந்தேன், ஒரே காரணத்துல ரெண்டும் கூடும்ங்கிறது புரிஞ்சப்பதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. புயலுக்கும் கடல் சூடும் இந்த நீராவியும்தான் எரிபொருள். 2023 அக்டோபர்ல மெக்சிகோவோட அகாபுல்கோவ அடிச்ச ஓட்டிஸ், சாதாரண வெப்பமண்டலப் புயலா இருந்து ஒரே நாள்ல 5ஆம் வகை (இருக்கிறதுலயே உச்ச வகை) சூறாவளியா மாறுச்சு, ஜனங்களுக்கு தயாராகவே நேரம் இல்ல. எல்லா புயலுக்கும் வெப்பமயமாதல்தான் காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, புயல் எப்பவும் வந்துட்டுதான் இருந்துச்சு, வந்த புயலுக்கு தீனி கூடிடுச்சுங்கிறதுதான் சரியான பேச்சு.

ஆனா சில விஷயங்கள் அப்படி இல்ல. 2021 ஜூன் 29 அன்னைக்கு கனடாவுல லிட்டன்ங்கிற ஊர்ல 49.6 டிகிரி பதிவாச்சு, கனடாவுல! மறுநாளே அந்த ஊர்ல பெரும்பகுதி தீயில போயிடுச்சு. மனுஷன் கூட்டின சூடு இல்லாம அப்படி ஒரு வெப்ப அலை வந்திருக்க வாய்ப்பே கிட்டத்தட்ட இல்லன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னாங்க. அதே நாட்கள்ல கடற்கரைப் பாறைல ஒட்டி வாழ்ற மட்டி மாதிரி உயிரினங்கள், தண்ணி வத்தின நேரத்துல வெயில் அடிச்சதுல அப்படியே வெந்து செத்துச்சு, மொத்தம் நூறு கோடிக்கு மேல இருக்கும்னு மதிப்பீடு.

இப்ப விலங்குகளுக்கு வரேன். சூடு தாங்காம சாகுறது மட்டும்தான் பாதிப்புன்னு பலர் நினைக்கிறாங்க. நான் படிச்ச வரைக்கும் அத விட பெரிய குழப்பம் நேரக்கணக்குல. எப்ப இடம் பெயரணும், எப்ப முட்டை வைக்கணும், எப்ப முடிய மாத்தணும்னு சில உயிர்கள் பகல் எவ்ளோ நீளம்ங்கிறத வச்சு முடிவு பண்ணுது, சில உயிர்கள் சூட்ட வச்சு முடிவு பண்ணுது. பல்லாயிரம் வருஷமா இந்த ரெண்டு கடிகாரமும் ஒண்ணா ஓடுச்சு. பகல் நீளம் மாறல, சூடு மாறிடுச்சு.

ஈப்பிடிப்பான் குடும்பத்துல ஒரு சின்ன கறுப்பு வெள்ளைப் பறவை இருக்கு. மேற்கு ஆப்பிரிக்காவுல குளிர்காலத்த கழிச்சுட்டு குஞ்சு பொரிக்க ஐரோப்பா வரும். கிளம்புற நாள அதுக்கு சொல்றது பகல் நீளம், அங்க ஆப்பிரிக்காவுல இருந்துக்கிட்டு நெதர்லாந்துல வசந்தம் முன்னாடியே வந்துடுச்சுன்னு அதுக்கு எப்படி தெரியும்? ஆனா ஓக் மரத்துப் புழுக்கள் சூட்டப் பார்த்து சீக்கிரமே வந்து சீக்கிரமே முடிஞ்சு போயிடுது. பறவை வந்து குஞ்சு பொரிச்சு வாய திறக்கிற நேரத்துல ஊட்ட புழு இல்ல. புழு ரொம்ப முந்தி வர்ற காடுகள்ல இருபது வருஷத்துல இந்தப் பறவை சுமார் 90 சதவீதம் குறைஞ்சுடுச்சுன்னு 2006லயே எழுதிட்டாங்க. வட அமெரிக்காவுல பனிமுயலுக்கும் இதே கதைதான், பகல் குறைஞ்சதும் முடி வெள்ளையாயிடும், பனி மட்டும் விழுந்திருக்காது, பழுப்பு மண்ணுல வெள்ளை முயல் உக்காந்திருந்தா எந்த வேட்டை மிருகத்துக்கும் தூரத்துலயே தெரியும்.

என்ன ரொம்ப உலுக்கினது கடலாமைதான். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணான்னு மணலோட சூடுதான் முடிவு பண்ணும். சுமார் 29 டிகிரி பக்கத்துல இருந்தா ரெண்டும் கலந்து வரும், அதுக்கு மேல போகப் போக பெண்ணாவே வரும். ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ங்கிற பவளப்பாறைத் தொடரோட வடக்குப் பகுதில பொரிச்ச பச்சைக் கடலாமைகள பரிசோதிச்சு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, இளம் ஆமைகள்ல 99 சதவீதத்துக்கு மேல பெண். எத்தனை குஞ்சு பொரிச்சதுன்னு மட்டும் எண்ணிட்டு இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னுதான் தோணும், ஏன்னா இந்த ஆமைகள் வயசுக்கு வரவே ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகும், ஆண் இல்லங்கிறது வெளில தெரியுறதுக்குள்ள ஒரு தலைமுறை ஓடிடும். முட்டைக்குழிக்கு மேல நிழல் போட்டு மணல குளிர வைக்கிற முயற்சி சில இடங்கள்ல நடக்குது, ஆனா எத்தனை கடற்கரைக்கு நிழல் போட முடியும்?

விலங்குகள் மாறிக்காதான்னு கேப்பீங்க. சிலது மாறிக்குது. இங்கிலாந்துல ஒரு காட்டுல சிட்டுக்குருவி அளவுல இருக்கிற பட்டாணிக் குருவி வகை ஒண்ணு, 1960கள விட இப்ப ரெண்டு வாரம் போல முன்னாடியே முட்டை வைக்குது. வருஷா வருஷம் குஞ்சு பொரிக்கிற, பக்கத்துலயே வாழ்ற பறவைக்கு அது முடியுது. ஆமைக்கு அந்த வேகம் வராது. மலை உச்சில இருக்கிறதுக்கும் சின்னத் தீவுல இருக்கிறதுக்கும் நகர்ந்து போகவும் இடம் கிடையாது.

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினியாவுக்கும் நடுவுல பிராம்பிள் கேன்னு ஒரு மணல் திட்டு, கடல் மட்டத்துல இருந்து மூணு மீட்டர் உயரம்தான். அதுல மட்டுமே வாழ்ந்த ஒரு எலி இனம் இருந்துச்சு, பேரு பிராம்பிள் கே மெலோமிஸ். கடல் நீர் திரும்பத் திரும்ப மேல ஏறி, 2004ல இருந்து 2014க்குள்ள அது தின்னு வாழ்ந்த செடிகொடில 97 சதவீதம் போயிடுச்சு. மனுஷனால வந்த பருவநிலை மாற்றத்துல அழிஞ்ச முதல் பாலூட்டின்னு இதத்தான் சொல்றாங்க, 2019ல ஆஸ்திரேலிய அரசே அழிஞ்சதா அறிவிச்சது. கடைசியா ஒரு மீனவர் அத 2009 கடைசில பார்த்தாராம். 2014ல மிச்சம் இருக்கிறத பிடிச்சு வேற இடத்துல வளர்த்து பெருக்கலாம்னு ஒரு குழு பொறியும் கேமராவும் எடுத்துட்டு அந்தத் திட்டுக்குப் போச்சு, ஒண்ணு கூட கிடைக்கல.