ஸ்வீடனில் வியாபாரத்திலிருந்து பிரபுக்களான குடும்பம் ஏதாவது உண்டா? அவர்களுடைய வரலாறு என்ன?

நிறைய உண்டு. நான் ஒரே ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், ஆல்ஸ்ட்ரோமர். வேலைக்காக கோத்தன்பர்க்கில் இருந்த நாட்களில் அங்கிருந்து ரயிலில் ஆலிங்சோஸ் என்ற சின்ன ஊருக்குப் போய் வருவேன். இவர்கள் கதை தொடங்குவது அங்கேதான்.

இவர்கள் வளர்ந்த கதையை ஒரே மனிதரின் பெயர் மாறியதை வைத்தே சொல்லிவிடலாம். 1685-ல் அந்த ஊரில் ஏழை வீட்டில் பிறந்தபோது அவர் யோனாஸ் தோரேசோன், அதாவது தோரேயின் மகன், அவ்வளவுதான். அப்புறம் தானாகவே ஆல்ஸ்ட்ரோம் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1707-ல் லண்டனுக்குப் போய் ஒரு ஸ்வீடிஷ் வியாபாரியிடம் கணக்கப்பிள்ளையாக இருந்து, பிறகு சொந்தமாகக் கப்பல் தரகு செய்து கையில் காசு சேர்த்தார். ஊர் திரும்பியவர் 1724-ல் ஆலிங்சோஸில் துணி ஆலை தொடங்கினார். வெளிநாட்டுத் தறிகள், கைத்தொழில் தெரிந்த ஆட்கள், நல்ல கம்பளிக்காக வெளிநாட்டுச் செம்மறிகள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆலை சந்தையில் ஜெயித்து வளர்ந்தது இல்லை, பெருமளவு அரசு மானியத்தில் ஓடியது. வெளிநாட்டுத் துணி வாங்கிக் காசை வெளியே விடக்கூடாது என்று நினைத்த 'தொப்பிக்காரர்' கட்சி 1738 வாக்கில் ஆட்சிக்கு வந்தது. அவர்களுக்கு இவர் மாதிரி ஒரு ஆள் தேவைப்பட்டார். 1739-ல் ஸ்வீடிஷ் அறிவியல் கழகத்தைத் தொடங்கிய ஆறு பேரில், தாவரவியல் அறிஞர் லின்னேயஸோடு சேர்ந்து இவரும் ஒருவர். 1751-ல் பிரபு பட்டம் கிடைத்தது. பெயரோடு இரண்டு எழுத்து கூடி, ஆல்ஸ்ட்ரோம் ஆல்ஸ்ட்ரோமர் ஆனார். பட்டம் வரும்போது பெயரை மாற்றுவது அங்கே வழக்கம்தான்.

இன்று ஸ்வீடன்காரர்கள் இவரை நினைப்பது துணிக்காக இல்லை, உருளைக்கிழங்குக்காக. அதற்கு முன்பே உப்சாலாவில் தோட்டத்து அதிசயமாக அது வளர்ந்திருக்கிறது. ஆனால் ஆலிங்சோஸுக்கு வெளியே நூல்ஹாகா பண்ணையில் பயிராகவே போட்டு, மக்களை அதைச் சாப்பிடச் சொன்னவர் இவர். மக்கள் உடனே கேட்கவில்லை. 1746-ல் ஏவா எகேப்லாட் என்ற பெண்மணி அதிலிருந்து மாவும் சாராயமும் எடுக்கலாம் என்று காட்டிய பிறகுதான் மதிப்பே வந்தது.

மகன் கிளாஸ் திருமணம் செய்தது கோத்தன்பர்க் பெருவணிகர் நிக்லாஸ் சால்கிரெனின் மகளை. ஆக, பட்டம் வந்த பிறகும் இவர்கள் வணிகத்தை விட்டு விலகவில்லை. சால்கிரென் ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். 1733-ல் நம் பரங்கிப்பேட்டையில் ஒரு வணிகக் கூடம் திறந்து, உடனே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து வந்து விரட்டியடித்தார்களே, அதே கம்பெனிதான். கோத்தன்பர்க்கின் பெரிய மருத்துவமனைக்கு இன்றும் சால்கிரெனின் பெயர்தான். 1778-ல் யோனாஸின் மகன்களுக்கு பாரன் பட்டமும் வந்து சேர்ந்தது.

எனக்கு இந்தக் குடும்பத்தில் பிடித்த ஆள் கிளாஸ்தான். லின்னேயஸின் மாணவர். ஸ்பெயினில் சுற்றியபோது, தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செடியைப் பார்த்து அதன் விதையை ஆசிரியருக்கு அனுப்பினார். லின்னேயஸ் அந்தச் செடிக்கு ஆல்ஸ்ட்ரோமேரியா என்று பெயர் வைத்தார். பூங்கொத்துக் கடைகளில் உள்ளே கோடு கோடாக இருக்குமே, அந்தப் பூதான். அடுத்த முறை பார்த்தால் பூவை விட்டுவிட்டு இலையின் அடியைப் பாருங்கள். தண்டை விட்டு வந்ததும் இலை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு, அடிப்பக்கத்தை மேலே காட்டி நிற்கும்.