ஆங்கிலம் வாசிக்க வருகிறது, கேட்டால் மட்டும் ஏன் புரிவதில்லை?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தை வாசித்துவிடுகிறார்கள், யாராவது பேசினால் விழிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சொல் தெரியாமல் இல்லை. பேச்சில் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன: ‘பிக் இட் அப்’ காதில் ‘பிக்கிட்டப்’ என்றுதான் விழும்.

30 விநாடி ஒலிப்பதிவு போதும். புத்தகத்தை மூடவைத்து இரண்டு முறை போடுங்கள். காதில் விழுந்ததைப் பிள்ளைகள் அப்படியே எழுதட்டும். பிறகு வரிகளைக் காட்டி, தவறவிட்ட இடத்தை மட்டும் மறுபடி போடுங்கள். காது பழகுவது அந்த மூன்றாவது முறையில்தான். கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது சோதனை, பயிற்சி ஆகாது.

இன்னொன்று. ‘பின்’ என்றால் குண்டூசியா (pin), குப்பைத்தொட்டியா (bin)? தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’. மலையாளத்தில் தனித்தனி எழுத்து. பள்ளியில் மலையாளமும் படிக்கும் பிள்ளைகளை அதில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வேறுபாடு சட்டென்று பிடிபடும்.